அநாதை வாக்கியங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் குழப்பமே வருவதில்லை. அன்றைய கூட்டத்துக்கு எவர் வரவில்லையோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள். எழுத்தனைப் பொறுப்புடன் பயன்படுத்துவதற்கான கொள்கை நிறைவேறிய அன்று நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாயில் பஞ்சு இருந்தது. பெயருக்குப் பின்னால் 'சமூகவியல் துறை, பொறுப்புப் பயன்பாட்டு அலுவலர்' என்று ஒரு வாலும் முளைத்திருந்தது. மறுத்துப் பேசலாம் என்றால் வாய் மரத்துப் போயிருந்தது.

எழுத்தன் என்பது பல்கலைக்கழகம் வாங்கி வைத்திருக்கும் எழுதும் இயந்திரம். கேட்டால் கட்டுரை எழுதும், ஆய்வேடு எழுதும், அந்த ஆய்வேட்டைப் பாராட்டித் தேர்வாளர் அறிக்கையும் எழுதும். ஆரம்பத்தில் எல்லோரும் அதைத் திருட்டுத்தனமாகவே பயன்படுத்தினார்கள். மாணவர்கள் ஆசிரியர்களுக்குத் தெரியாமல், ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தெரியாமல். இது நம் கௌரவத்துக்கு அழகில்லை, எதையும் பொறுப்புடன் செய்ய வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. பொறுப்புடன் என்றால் எப்படி என்று யாருக்கும் தெரியாததால் அதையும் எழுத்தனிடமே கேட்டார்கள். அது தடிமனாக ஒரு கொள்கை எழுதிக் கொடுத்தது. அதை யாரும் படிக்கவில்லை, கைதட்டி நிறைவேற்றினார்கள்.

நான் படித்தேன். அலுவலர் ஆகிவிட்டேனே, வேறு வழி? எழுத்தன் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிறப்புக் குறி இருக்கும். யார் கேட்டார், எப்போது கேட்டார், என்னவென்று கேட்டார் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். ஆய்வேட்டைச் சரிபார்ப்புப் பொறியில் ஏற்றினால் அது குறிகளைப் படித்துப் பார்த்துப் பச்சை விளக்குக் காட்டும். முகப்புப் பக்கத்தில் 'ஆக்கம்: எழுத்தன்' என்றும், அதற்குக் கீழே 'பொறுப்பு' என்று மாணவர் பெயரும் அச்சாகும். முனைவர் பட்டம் பொறுப்பேற்றவருக்கு.

இந்த ஏற்பாடு அருமையாக நடந்தது. ஆய்வேடுகள் வந்து குவிந்தன. எல்லோரும் பொறுப்பாக இருந்தார்கள். எழுதுகிறவர் என்றுதான் யாரும் இல்லை.

பிரம்மசக்தி வரும்வரை எனக்கும் தொந்தரவு இல்லை.

அவள் உடன்குடிப் பக்கத்துப் பெண். பேராசிரியர் எபனேசரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் வீட்டில் சிரிப்பார்கள்: பொது இடங்களில் இடம்பிடித்தல். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுப் பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிறோமே, ரேஷன் கடை வாசலில் கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறோமே, அதுதான். துண்டுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, கல்லுக்கும் பைக்கும் தகராறு வந்தால் கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்றெல்லாம் தெரிந்துகொள்ளப் பல வருடம் பஸ் நிலையங்களிலேயே கிடந்தாள்.

அவளுடைய ஆய்வேட்டைப் பொறியில் ஏற்றினோம். சிவப்பு. முதல் வாக்கியம் சிவப்பு, இரண்டாவது சிவப்பு, கடைசிவரை சிவப்பு. பிறப்புக் குறி இல்லாத வாக்கியத்துக்குக் கொள்கையில் 'அநாதை வாக்கியம்' என்று பெயர். நன்றியுரையில் அவள் தன் அம்மாவுக்குச் சொல்லியிருந்த நன்றிகூட அநாதையாகத்தான் கிடந்தது.

எந்த வெளி இயந்திரத்தைப் பயன்படுத்தினாய், உள்ளதைச் சொல்லிவிடு, எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்று நான் தன்மையாகக் கேட்டேன்.

"எதையும் பயன்படுத்தல சார். நானே எழுதினேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. மூன்று கட்டைப் பைகளை மேசைமேல் தூக்கி வைத்தாள். அவற்றில் கிறுக்கல் குறிப்புகளும் ஒலிப்பதிவுகளும் பஸ் டிக்கெட்டுகளும் இருந்தன. அந்தக் காலத்துச் சாமியார்கள் முன்னால் நிற்பதுபோல ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது.

விஷயம் விளையாட்டு இல்லை. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியர் வேலைக்கு அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். பட்டம் கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் கௌரவமும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் காலம் தள்ளியவள். வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

நான் அவளை இயக்குநரிடம் அழைத்துப் போனேன். பொறுப்புப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநர் டாக்டர் வசந்தமாலினி நல்ல பெண்மணி. யாரையும் உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார். உட்காரச் சொன்னார், பைகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"இந்தக் குறிப்பு, டேப்பு எல்லாத்தையுமே இப்ப இயந்திரம் உண்டாக்கிடும்மா. டிக்கெட்டைக்கூட. இதெல்லாம் சான்று ஆகாது."

"அப்ப நான் எழுதலைன்னு நீங்க எப்படி மேடம் சொல்லுதீங்க?"

"நான் சொல்லலையே. நீங்கதான் எழுதினேன்னு சொல்றீங்க. சொல்றவங்கதான் நிரூபிக்கணும்."

பயன்படுத்தவே இல்லை என்பவருக்கு ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று நான் கேட்டேன். பொறுப்புடன் பயன்படுத்துவதற்குத்தான் கொள்கை, பயன்படுத்தாமல் பொறுப்புடன் பயன்படுத்துவது எப்படி முடியும் என்று அவர் திருப்பிக் கேட்டார். வாதம் அசைக்க முடியாததாக இருந்தது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பிரம்மசக்தி தன் ஆய்வேட்டை வரி வரியாக எழுத்தனிடம் சொல்லட்டும், எழுத்தன் அதை எழுதித் தரட்டும், குறி தானாக ஏறிவிடும். சட்டத்துக்கும் சேதம் இல்லை, ஆய்வேட்டுக்கும் சேதம் இல்லை.

பிரம்மசக்தி யோசித்தாள். வராண்டாவில் எபனேசர் அவளிடம் கொஞ்சம் வளைந்து கொடுக்கச் சொன்னார். அவர் வளைந்து வளைந்தே துறைத்தலைவர் ஆனவர், அனுபவத்தில் சொன்னார். அவள் ஒப்புக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. அலுவலர் உடன் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் கணினி அறையில் அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்வாள்: 'பஸ் வந்து நிற்பதற்கு முன்பே துண்டுகள் உள்ளே போய்விடுகின்றன.' எழுத்தன் எழுதும்: 'பொதுப் போக்குவரத்துச் சூழலில் துணிசார் உரிமைக் கோரல் முன்கூட்டியே நிகழ்வதை நாம் அவதானிக்கலாம்.' இல்லை, நான் சொன்னபடியே எழுது என்பாள். 'நிச்சயமாக! தங்கள் நடை மிகச் சிறப்பு. சற்றே மெருகேற்றியிருக்கிறேன்' என்று வேறு ஒன்றைத் தரும். மெருகேற்றாதே என்பாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு மெருகேற்றும்.

ஒரே வாக்கியத்துக்காகக் காலை முழுவதும் போராடிய நாட்கள் உண்டு. தான் எழுதியதைத் தானே பிச்சை கேட்டு வாங்குகிற மாதிரி இருந்தது அது. தொண்டை கட்டிப்போன பிறகும் விடவில்லை. ஒரு சொல்கூட மாறாமல் முழு ஆய்வேட்டையும் எழுத்தன் வாயால் சொல்ல வைத்துவிட்டாள். பொறி பச்சை காட்டியது. முகப்புப் பக்கம் அச்சாகி வந்தது. ஆக்கம்: எழுத்தன். பொறுப்பு: பெ. பிரம்மசக்தி.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

வாய்மொழித் தேர்வு வந்தது. எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும் அந்தத் தேர்வில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. அப்படி யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, கேள்விகளை முதல்நாளே எழுதி இளைய ஆய்வாளர்களிடம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவோம். அவர்கள் எழுந்து மனப்பாடமாகக் கேட்பார்கள், பட்டத்துக்கு நிற்பவர் மனப்பாடமாகப் பதில் சொல்வார், பொதுமக்களாகிய நாங்கள் பிரியாணி வாசனை வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது அந்தக் கேள்விகளையும் எழுத்தனே எழுதுகிறது என்பதுதான் முன்னேற்றம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மனம் நெகிழ்ந்து பேச ஆரம்பித்தார். எழுத்தன் தந்த சுருக்கத்தில் ஓர் இடம் அவரை உலுக்கிவிட்டதாம். திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் பனங்கிழங்கு விற்கும் பேச்சியம்மாள் என்பவர் சொல்வதாக வரும் இடம். 'துண்டு போட்டவன் வார வரைக்கும் அது அவன் சீட்டு. வரலேன்னா அது துண்டோட சீட்டு. நமக்கு எப்பவும் கிடையாது.' ஓர் இயந்திரத்துக்கு இப்படி ஒரு கற்பனையா, இல்லாத கிழவியை இருப்பதுபோலவே படைத்துவிட்டதே என்று அவர் வியந்தார்.

"அது கற்பனை இல்ல சார்," என்றாள் பிரம்மசக்தி. "அவங்க இருக்காங்க. நான் அவங்க பக்கத்துல உக்காந்து கேட்டது."

எபனேசருக்கு இருமல் வந்தது. இயக்குநர் வந்து தண்ணீர் கொடுத்தார். பொறுப்பாளர் இவ்வளவு ஈடுபாட்டுடன் பொறுப்பேற்றிருப்பது பாராட்டத்தக்கது என்று தேர்வாளர் முடித்துவிட்டார். பட்டத்துக்குப் பரிந்துரை ஆகிவிட்டது. பிரியாணி நன்றாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எழுத்தனின் தலைசிறந்த ஆக்கம் என்று பல்கலைக்கழகம் அந்த ஆய்வேட்டைக் கொண்டாடத் தொடங்கியது. நாளிதழ் ஒன்றில் அதன் பகுதிகள் வந்தன. இயந்திரம் மண்மணத்தோடு எழுதுகிறது என்று தலைப்புப் போட்டார்கள். எழுத்தனின் படம் வேண்டும் என்று கேட்டார்களாம். கணினி அறையின் கதவைப் படம் எடுத்து அனுப்பினோம்.

நாளிதழைப் பார்த்துச் சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் எழுதிக் கேட்டார். எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் கல் வைக்கும் பழக்கமே கிடையாது, சிமெண்டுத் திண்டு இருக்கிறது, உங்கள் இயந்திரம் எந்த ஊரைப் பார்த்தது? பிரம்மசக்தியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தக் கடையைப் பார்க்கப் போன அன்று அவளுக்குக் காய்ச்சல். பஸ்ஸில் தூங்கிப்போய் நாசரேத்தில் இறங்கியிருக்கிறாள், சாத்தான்குளம் என்று எழுதிவிட்டாள்.

இயக்குநர் பதறிப்போனார். எழுத்தன் பிழையே செய்யாது என்று விளம்பரத்தில் போட்டாகிவிட்டது. நல்ல வேளையாகக் கொள்கையில் அதற்கும் ஒரு பிரிவு இருந்தது. பிழை என்று ஒன்று இருந்தால் அது மனிதருடையது. பிழையுள்ள பகுதியை எழுதியவராகப் பொறுப்பாளரின் பெயரையே போட வேண்டும். உடனே திருத்தம் தயாரானது. நான்காம் அத்தியாயத்தின் இந்தப் பத்தி எழுத்தனுடையது அன்று, எழுதியவர் பெ. பிரம்மசக்தி.

திட்டப் போகிறார்கள் என்று நினைத்துத் தயங்கித் தயங்கி வந்தவள் அதை வாங்கி மெதுவாகப் படித்தாள். தன் பெயர்மேல் ஒரு விரலை வைத்தாள். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சார், இதுக்கு யாரும் ஆதாரம் கேக்கலியே?"

"தப்பை ஒத்துக்கிட்டா யாரும்மா ஆதாரம் கேப்பா?"

அவள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

பட்டமளிப்பு விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மறுபடி வந்தாள். ஆய்வேட்டில் இன்னொரு பிழை இருப்பதாகவும் அதை ஒப்புக்கொள்ள வந்திருப்பதாகவும் சொன்னாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"முகப்புப் பக்கம் சார். ஆக்கம்னு இருக்க இடத்துல பேரு தப்பா இருக்கு."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். பிழையை ஒப்புக்கொண்டால் எழுத்தன் மறுக்காது. முகப்பே பிழை என்றால் மொத்த ஆய்வேடும் அவளுடையது என்று ஆகிவிடும். அப்படி ஆனால் எல்லாக் குறியும் அழியும், எல்லா வாக்கியமும் அநாதை, பட்டம் நின்றுபோகும். பட்டம் நின்றால் தூத்துக்குடியும் போச்சு. அதன் பிறகு அவள் எத்தனை பஸ்ஸில் துண்டு போட்டாலும் அந்தச் சீட்டுக் கிடைக்காது.

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏம்மா?"

அவள் திருச்செந்தூருக்குப் போயிருந்தாளாம். பேப்பரில் வந்ததைக் காட்டலாம் என்று ஆசையாகப் பேச்சியம்மாளிடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்துக் கடைப் பையன் வாசித்துக் காட்டியிருக்கிறான். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"'ஏட்டி, மிசினு சொன்னதா போட்டுருக்கு. அப்ப நீ என்கிட்ட வரவே இல்லியா'ன்னு கேட்டாவ சார். நான் என்னத்த சொல்ல? அவ்வளவு நாளும் அவங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அவங்க தந்த கிழங்கத் தின்னேன். இந்த அட்டைய வச்சிக்கிட்டு நான் வேலைக்குப் போனா, நான் வரலைன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரிதான சார்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. விழா முடியட்டும், நேர்முகம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு தந்திரம் சொல்லிப் பார்த்தேன். வேலையில் சேர்ந்த பிறகு இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது, தனக்கும் வராது என்றாள். அது எனக்குத் தெரிந்த உண்மைதான். அலுவலராகிய நான் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தினேன்.

எழுத்தன் உடனே பதில் தந்தது. பிழை ஏற்கப்பட்டது, ஆய்வேடு முழுவதும் மனித ஆக்கமாக மாற்றப்பட்டது, பொறுப்பான பயன்பாடு காணப்படாததால் பட்டம் நிறுத்தி வைக்கப்படுகிறது. கடைசி வரியில் 'தங்கள் நேர்மைக்கு நன்றி! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று விசாரித்திருந்தது. புது முகப்புப் பக்கம் அச்சாகி வந்தது. பிரம்மசக்தி ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறப் போனாள்.

செய்தி கேட்டு எபனேசர் என் அறைக்குள் பாய்ந்து வந்தார். முட்டாள்தனம், திமிர், என் பெயரும் சேர்ந்து நாறப் போகிறது என்று சத்தம் போட்டார். இயக்குநர் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார். ஆய்வேட்டில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தானே விளக்கம்? எழுத்தனிடம் சுருக்கம் கேட்டிருக்கிறார். அநாதை வாக்கியங்களைத் தான் தொடுவதற்கில்லை என்று அது மரியாதையாகக் கைவிரித்துவிட்டது.

"இப்ப நான் என்ன செய்யிறது?" என்றார்.

மேசைமேல் கிடந்த இன்னொரு பிரதியை அவர் பக்கம் நகர்த்தினேன். வேறு வழியில்லாமல் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். முதல் சில பக்கங்களை முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். பிறகு முணுமுணுப்பு நின்றது. ஓரிடத்தில் குலுங்கிச் சிரித்தார். சாப்பாட்டு வேளை போனது. என் பென்சிலை எடுத்து ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தார். எத்தனையோ ஆய்வேடுகளுக்கு வழிகாட்டியாகக் கையெழுத்துப் போட்ட மனிதர், ஒன்றை முழுதாகப் படிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

படித்து முடித்ததும் அவளைப் போனில் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டு மேசையில் வைத்தேன். பஸ் இரைச்சலும் கண்டக்டர் விசிலும் கேட்டன.

"ஏம்மா, மூணாம் அத்தியாயத்துல ஒரு சந்தேகம்," என்றார் எபனேசர். திட்டுகிற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஒருத்தன் வேற ஆளு போட்ட துண்ட எடுத்து எறிஞ்சிட்டு உக்காருதான், பஸ்ஸே சும்மா இருக்கு. அதையே ஒரு பொம்பள செஞ்சப்ப அத்தன பேரும் சேர்ந்து அவள எழுப்பி விட்டாங்கன்னு எழுதியிருக்க. மத்தவங்க எல்லார்கிட்டயும் பேட்டி எடுத்த நீ, அந்தப் பொம்பளகிட்ட மட்டும் ஏன் ஒரு வார்த்த கேக்கல? அவ யாரு, அதுக்கப்புறம் என்ன செஞ்சான்னு ஒண்ணுமே இல்லையே?"

மறுமுனையில் பஸ் இரைச்சல் கூடியது. அவள் குரலைப் பிடிக்க நான் போன் பக்கம் குனிந்தேன்.

"அது நான்தான் சார்," என்றாள் பிரம்மசக்தி. "ஊரு வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போனேன்."

எபனேசர் கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அத எழுதும்மா," என்றார். "நான் படிக்கேன்."